காற்று போகிறது, ஆக்ஸிஜன் எங்கே?

ஒரே இரவைப் பற்றி இரண்டு கருவிகள் இரண்டு விதமாகச் சாட்சி சொல்வதுண்டு. உறக்க மூச்சுத்தடை உள்ளவர் முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு தூங்குகிறார். அந்த மாஸ்க் வழியே காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் கருவி காலையில் கணக்குச் சொல்கிறது: மணிக்குச் சராசரியாக இரண்டு தடைகள். ஐந்துக்குக் கீழே இருந்தால் இயல்பு என்பது மருத்துவ அளவுகோல். அதே இரவில் அவர் விரலில் மாட்டியிருந்த ஆக்ஸிமீட்டரோ வேறொரு கோட்டை வரைந்து வைத்திருக்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ரத்த ஆக்ஸிஜன் 86, 87 என்றே கிடந்திருக்கிறது. 94க்குக் கீழே இறங்கினால் கவனிக்க வேண்டும் என்று கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு மனப்பாடம் செய்திருந்தோமே, அந்த எண்தான்.

எந்தக் கருவி தவறு? பல சமயம் இரண்டும் சரியாகவே சொல்கின்றன. ஒன்று தொண்டை வழியே காற்று ஓடுவதை அளக்கிறது. மற்றது விரல்நுனி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று அளக்கிறது. மதகைத் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் வரும். கடைமடை வயல் நனைந்ததா என்பதை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். சிபாப் திறப்பது மதகை. மூக்குக்கும் விரல்நுனிக்கும் நடுவில் காற்று கடக்கும் வழி முழுக்க வியப்புகள் இருக்கின்றன. ஆக்ஸிஜன் எங்கே குறைகிறது என்பதற்கான விடையும் அந்த வழியில்தான் கிடைக்கும்.

எலும்பு இல்லாத இடம்

கழுத்தின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையங்கள் விரலில் தட்டுப்படும். மூக்கின் உள்வழிக்கு எலும்புச் சுவர் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, அண்ணத்தின் பின்புறம் தொடங்கி குரல்வளை வரைக்குமான சில அங்குலத்தை மட்டும் சுற்றிப் பிடிக்க எலும்பும் இல்லை, குருத்தெலும்பும் இல்லை. எல்லாம் தசைச் சுவர். அங்கே இருக்கும் நாவடி எலும்புகூட வேறெந்த எலும்போடும் மூட்டுச் சேராமல், தசைகளாலும் நார்களாலும் மட்டும் தாங்கப்படுகிறது. விழுங்கவும் பேசவும் இந்த நெகிழ்ச்சி வேண்டும்.

நெகிழ்கிற குழாய்க்குள் காற்றை உறிஞ்சினால் சுவர் உள்வாங்கும். அதைத் தடுக்க உடல் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. உதரவிதானம் மூச்சை இழுக்கத் தொடங்குவதற்குக் கணநேரம் முன்பே, நாக்கை முன்னுக்கு இழுக்கும் தசைக்கு மூளையிலிருந்து உத்தரவு போய்விடுகிறது. வழியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் காற்றை அழைக்கிறது உடல். நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 மூச்சு. நமக்கு இது ஒருமுறைகூடத் தெரிவதில்லை.

தூங்கியதும் அந்த உத்தரவு வலுவிழக்கிறது. மல்லாந்து படுத்தால் நாக்கு தன் எடையால் பின்னுக்குச் சரிகிறது. பலருக்கு வழி சற்றுக் குறுகிக் குறட்டையோடு நின்றுவிடும். சிலருக்கு முழுதாக மூடிக்கொள்ளும். காற்றோட்டம் குறைந்தது 10 விநாடி நின்றால் அது ஒரு மூச்சுத்தடை. கடுமையான நோய் உள்ளவருக்கு மணிக்கு 30 தடவைக்கும் மேல் இப்படி நடக்கிறது. 2019இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, உலகில் 30 முதல் 69 வயது வரையுள்ளவர்களில் ஏறத்தாழ 93.6 கோடிப் பேருக்கு லேசாகவோ கடுமையாகவோ இந்தக் கோளாறு இருக்கிறது.

சிட்னியில் ஓர் இரவு

1980 ஜூன் வரை கடுமையான மூச்சுத்தடைக்கு நம்பகமான சிகிச்சை ஒன்றுதான் இருந்தது: கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயை நேரடியாக வெளியே திறந்துவிடுவது. அடைபடும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போகும் புறவழி அது. பலன் தந்தது; ஆனால் அந்தத் துளையோடு வாழ்நாள் முழுக்க வாழ வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் சிட்னியில், ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் காலின் சல்லிவனுக்கு வேறொரு யோசனை தோன்றியது. சுவர் உள்ளே சரிகிறது என்றால், உள்ளிருந்து காற்றாலேயே அதைத் தாங்கிப் பிடித்தால் என்ன? வாக்குவம் கிளீனர் வகை மோட்டாரை உறிஞ்சுவதற்குப் பதில் ஊதுமாறு அமைத்தார். நோயாளியின் மூக்குக்குப் பொருந்தும் மூடியைத் தனியாக வார்த்தெடுத்தார். கழுத்துத் துளைக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த ஒருவர் முதல் சோதனைக்கு இசைந்தார். அழுத்தத்தை ஏற்றியதும் அடைப்பு விலகியது. குறைத்ததும் திரும்பி வந்தது. குழாயைத் திறக்கவும் மூடவும் ஒரு திருகு கிடைத்துவிட்டது. ஐந்து நோயாளிகளின் விவரங்களோடு 1981இல் ‘லான்செட்’ இதழில் கட்டுரை வெளிவந்தது. தொடர் நேரழுத்தக் காற்று என்ற இந்த முறையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே சிபாப்.

அந்த ஐவருக்கும் தேவைப்பட்ட அழுத்தம் எவ்வளவு தெரியுமா? 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர் உயரம். வீட்டிலேயே இதை உணர்ந்து பார்க்கலாம். உயரமான டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ராவை 10 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி ஊதுங்கள். நுனியில் முதல் குமிழி எழும் கணத்தில் உங்கள் வாய்க்குள் இருக்கும் அழுத்தம் அதுதான். நம்மைச் சூழ்ந்திருக்கும் வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு. ஒரு மனிதனின் தொண்டையை இரவு முழுதும் திறந்து வைக்க அவ்வளவே போதும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கடல்மட்டக் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு 21 விழுக்காடு. அதன் அழுத்தம் ஏறத்தாழ 160 மி.மீ. பாதரசம். சிபாப் 10 செ.மீ. அழுத்தம் கூட்டும்போது அதில் ஆக்ஸிஜனுக்குக் கிடைப்பது வெறும் ஒன்றரை மி.மீ. சிபாப் அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் ஊதுகிறது. அது ஆக்ஸிஜன் தரும் கருவி என்று வீட்டில் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வழியைத் திறக்கிறது. நுரையீரலின் அடிப்பகுதியில் மூடிக்கொள்ளப் பார்க்கும் காற்றறைகளையும் ஓரளவு விரித்து வைக்கிறது. ஆக்ஸிஜனை உள்ளே இழுக்கும் வேலை முழுக்கத் தூங்குபவருடையதே.

கருவி எதைப் பார்க்கிறது?

கருவிக்குள் இருக்கும் உணரிகள் காற்றோட்டத்தையும் அழுத்தத்தையும் இடைவிடாமல் அளக்கின்றன. மாஸ்க்கில் வேண்டுமென்றே விடப்பட்ட நுண்துளைகள் வழியே மூச்சில் விட்ட கரியமில வாயு வெளியே போய்க்கொண்டே இருக்கும். அந்தத் திட்டமிட்ட கசிவு எவ்வளவு, ஓரம் விலகி வரும் வேண்டாத கசிவு எவ்வளவு என்று கருவி பிரித்துக் கணக்கிடுகிறது. மீதியில் தெரியும் ஏற்ற இறக்கமே மூச்சு.

மூச்சு நின்றுபோனால், ஏன் நின்றது என்றும் அது கண்டுபிடிக்கிறது. தொண்டை அடைத்துக்கொண்டதா, அல்லது மூளையே மூச்சுவிடச் சொல்லவில்லையா? சில கருவிகள் விநாடிக்கு நான்கு முறை மிக மெல்லிய அழுத்த அலைகளை உள்ளே அனுப்புகின்றன. வழி திறந்திருந்தால் அலைக்கேற்பக் காற்று உள்ளே அசைந்து திரும்பும், அடைத்திருந்தால் அசையாது. தூங்குபவருக்குத் தெரியாமலேயே தொண்டையின் கதவைத் தட்டிப் பார்த்துவிடுகிறது கருவி.

இத்தனை கூர்மையான கருவியும் ரத்தத்தைப் பார்ப்பதில்லை. மூச்சு ஒழுங்காக, ஆனால் மேலோட்டமாக ஒரு மணி நேரம் ஓடினால், அது தடை என்ற கணக்கில் வராமலே போகலாம். மணிக்கு இரண்டு என்ற எண், குழாயைப் பற்றிய நற்சான்றிதழ் மட்டுமே.

துடிப்பில் கிடைத்த விடை

ரத்தத்தைப் பார்ப்பது விரல்கிளிப். அதன் பிறப்பும் அழகான கதை. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் நிஹோன் கோடென் நிறுவனப் பொறியாளர் டகுவோ அவோயாகி, இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று காது மடல் வழியே ஒளி செலுத்தி அளக்க முயன்றார். நாடித்துடிப்பு ஒவ்வொரு முறையும் அளவைக் கலைத்தது. இரண்டு நிற ஒளிகளைப் பயன்படுத்தி அந்தத் துடிப்பை நீக்கப் பார்த்தார். ரத்த ஆக்ஸிஜன் மாறும்போதெல்லாம் அந்த நீக்கம் பிசகியது. பிசகுக்குக் காரணம் ஆக்ஸிஜன் என்றால், பிசகின் அளவே ஆக்ஸிஜனைச் சொல்லிவிடுமே! தொல்லை என்று விலக்கப் பார்த்த துடிப்புக்குள் அவர் தேடாத பெரிய விடை இருந்தது. 1974இல் பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் கொள்கை பிறந்தது.

கிளிப்பின் உள்ளே இரண்டு சிறு விளக்குகள். ஒன்று 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு. மற்றது 940 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆக்ஸிஜன் ஏற்றிய ரத்தம் சிவப்பை அதிகம் விட்டுவிடும், அகச்சிவப்பை அதிகம் விழுங்கும். ஆக்ஸிஜன் இழந்த ரத்தம் இதற்கு நேர்மாறு. தோல், எலும்பு, நகம், சிரை ரத்தம் எல்லாமும் ஒளியை விழுங்கத்தான் செய்கின்றன. ஆனால் அவை துடிப்பதில்லை. துடிப்போடு ஏறி இறங்கும் சொற்ப ஒளியை மட்டும் பிரித்தெடுத்தால், அது தமனி ரத்தத்தின் செய்தி. ஊசி குத்தாமல், வலிக்காமல், இரவு முழுக்க அந்தச் செய்தி கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

அது சற்றே பழைய செய்தி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நுரையீரலில் ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம் இதயம் கடந்து விரல்நுனிக்கு வர 20, 30 விநாடி ஆகும். ஆக்ஸிமீட்டரின் எண் அடிமட்டத்தைத் தொடும் நேரத்தில் தூங்குபவர் மூச்சை மீட்டு, நன்றாக இழுத்துக்கொண்டிருப்பார். இரண்டு கருவிகளின் கோடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது இந்த இடைவெளியைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

90க்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஆக்ஸிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஒரு சிவப்பணுவுக்குள் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் நான்கு இருக்கைகள். முதல் ஆக்ஸிஜன் ஏறியதும் மூலக்கூறின் வடிவம் சற்று மாறி, அடுத்தது ஏறுவது எளிதாகிறது. இறங்கும்போதும் அப்படியே. ஒன்று இறங்கினால் மற்றவை இறங்கத் தயாராகின்றன. இந்த மூலக்கூறின் கட்டமைப்பைக் கண்டறிந்த மாக்ஸ் பெரூட்ஸுக்கு 1962இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கூட்டுறவால் விளையும் கோடு நேர்க்கோடாக இருப்பதில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் 100 மி.மீ. இருக்கும்போது இருக்கைகளில் 97 விழுக்காடு நிரம்பியிருக்கும். அழுத்தம் 60க்கு, அதாவது ஐந்தில் இரண்டு பங்கு சரிந்தாலும், நிரம்பல் 90 வரைதான் இறங்கும். ஆனால் 60இலிருந்து 40க்கு இன்னொரு 20 மி.மீ. இறங்கினால் நிரம்பல் 75க்கு விழுந்துவிடும். 90க்கு மேலே உடலுக்குத் தாராளமான காப்பு இருக்கிறது. 90க்குக் கீழே ஒவ்வொரு மி.மீ.யும் கணிசமான ஆக்ஸிஜனைப் பறிக்கிறது. மருத்துவர்கள் இரவில் 90க்குக் கீழே கழிந்த நிமிடங்களை எண்ணுவது இதனால்தான். தூக்க நோய்களின் சர்வதேச வகைப்பாடு, பெரியவர்களுக்கு 88 அல்லது அதற்குக் கீழே குறைந்தது 5 நிமிடம் நீடித்தால் தூக்கநேர ஆக்ஸிஜன் குறைவு என்று கொள்கிறது.

தூங்கும் உடலின் சிக்கனம்

இருப்பு எவ்வளவு என்று பார்த்தால் வியப்பு கூடும். இயல்பாக மூச்சை விட்ட பிறகு நுரையீரலில் மிஞ்சும் காற்று ஏறத்தாழ இரண்டரை லிட்டர். அதில் ஆக்ஸிஜன் ஓரிரு காபி டம்ளர் அளவே. சுமார் 350 மி.லி. ஓய்வில் உடல் நிமிடத்துக்குச் செலவிடுவது 250 மி.லி. ஆக, நுரையீரலின் கையிருப்பு ஒன்றரை நிமிடத்துக்குக்கூடக் காணாது. படுத்ததும் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் அந்த இரண்டரை லிட்டரும் அரை லிட்டருக்கு மேல் சுருங்குகிறது. உடல் பருத்தவருக்கு இன்னும் அதிகமாகச் சுருங்கும். அதே 20 விநாடித் தடை ஒருவருக்கு 94ஐயும் இன்னொருவருக்கு 82ஐயும் தருவதற்கு இதுவும் காரணம்.

தூக்கத்தில் எல்லோருமே சற்றுக் குறைவாகத்தான் மூச்சு விடுகிறோம். நொடிக்கு நொடி மூச்சை நடத்துவது ஆக்ஸிஜன் என்று நினைப்போம். உண்மையில் மூளைத்தண்டு முதலில் கவனிப்பது கரியமில வாயுவை. ஆக்ஸிஜனைக் கண்காணிக்கும் காவலர் கழுத்துத் தமனியின் கிளைப்பிரிவில், அரிசி மணி அளவே உள்ள ஓர் உறுப்பு. தூக்கத்தில் இந்தக் கண்காணிப்பு ஓரளவு தளர்கிறது. கரியமில வாயு சற்று உயர அனுமதிக்கப்படுகிறது.

நுரையீரலின் நுண்ணறைகளில் இந்த இரு வாயுக்களும் இடத்துக்குப் போட்டியிடுகின்றன. கரியமில வாயு 10 மி.மீ. உயர்ந்தால் ஆக்ஸிஜன் ஏறத்தாழ 12 மி.மீ. குறையும். இயல்பில் கரியமில வாயு 40, நுண்ணறை ஆக்ஸிஜன் 100. கரியமில வாயு 60க்கு ஏறினால் ஆக்ஸிஜன் 75க்கு இறங்கிவிடும். தொண்டை அகலத் திறந்திருக்கிறது, ஒரு தடையும் இல்லை, ஆனாலும் மூச்சு ஆழமில்லாததால் ரத்த ஆக்ஸிஜன் சரிவின் விளிம்புக்கு வந்துவிடுகிறது.

கனவு காணும் கட்டத்தில் நிலைமை இன்னும் நுட்பமாகிறது. இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் இந்தக் கட்டம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். விடியலை நெருங்க நெருங்க நீளும். கனவில் ஓடினாலும் கால் ஓடாதபடி மூளை தசைகளைக் கட்டிப்போட்டுவிடுகிறது. விலா எலும்புகளுக்கு இடையிலான தசைகளும் கழுத்துத் தசைகளும் அதில் அடக்கம். மூச்சு ஏறக்குறைய முழுதும் உதரவிதானத்தின் தோளில். அந்தத் துணைத் தசைகளை நம்பி மூச்சுவிடும் நோயாளிக்கு விடியற்காலைக் கனவு நேரமே கடினமான நேரம்.

கோட்டின் வடிவமே துப்பு

இரவு முழுவதற்குமான ஆக்ஸிஜன் கோட்டை விரித்து வைத்தால், அதன் வடிவத்திலிருந்தே காரணத்தை ஊகிக்க முடிகிறது. ரம்பப்பல் போலக் குத்துக்குத்தாக இறங்கி ஏறினால், தொண்டை இன்னும் அடைக்கிறது. மாஸ்க் கசிகிறது, வாய் திறந்து காற்று வழிகிறது, அல்லது அழுத்தம் போதவில்லை. அந்தப் பற்கள் 90 நிமிடத்துக்கு ஒருமுறை கொத்தாகத் தெரிந்தால், மற்ற நேரத்துக்குப் போதுமான அழுத்தம் கனவுக் கட்டத்துக்கு மட்டும் போதவில்லை. புரண்டு மல்லாந்த நேரத்தில் மட்டும் தெரிந்தால், ஒருக்களித்துப் படுப்பதே பாதி மருந்து.

பற்களே இல்லாமல் கோடு மொத்தமாகத் தாழ்ந்து மேடைபோல நீண்டால் கதை வேறு. அப்போது சந்தேகிக்க வேண்டியது மூச்சின் ஆழத்தை அல்லது நுரையீரலை. உடல் பருமனால் மார்புக்கூடு கனத்து, மூளையின் உந்துதலும் தளர்ந்து, பகலிலேயே கரியமில வாயு 45 மி.மீ.க்கு மேல் தேங்கிவிடும் நிலை ஒன்று உண்டு. உடல்நிறை எண் 30க்கு மேல் உள்ளவர்களிடம் இதைத் தேடுவார்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையில் பைகார்பனேட் 27க்கு மேல் இருந்தால் அது ஒரு துப்பு. தேங்கும் அமிலத்தைச் சமன்செய்ய சிறுநீரகம் நாள்கணக்கில் சேர்த்து வைத்த காரம் அது. இரவில் நடந்ததைப் பகலில் கையெழுத்திட்டுக் காட்டுகிறது சிறுநீரகம்.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் உறக்க மூச்சுத்தடையும் ஒருவருக்கே சேர்ந்து வருவதை எடின்பரோவின் டேவிட் ஃப்ளென்லி 1985இல் தனிப் பிரிவாக அடையாளம் காட்டினார். சிபாப் தொண்டையைத் திறந்துவிடும். சிதைந்த நுண்ணறைகளை அதனால் புதுப்பிக்க முடியாது. இந்த நோய்க்குப் பீடி, சிகரெட் மட்டும் காரணமில்லை. பல ஆண்டுகள் விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களுக்கும் வருகிறது. புகைபிடிக்காதவர் என்ற ஒரே காரணத்தால் இந்தச் சந்தேகம் மருத்துவருக்கு எழாமல் போய்விடக் கூடாது.

சுருங்கி மூடிய நுண்ணறைகளைச் சுற்றி ஓடும் ரத்தம் ஆக்ஸிஜன் ஏற்றாமலே திரும்புகிறது. நல்ல நுண்ணறைகள் அந்தக் குறையை ஈடுகட்டக் கூடாதா என்று தோன்றும். முடியாது. அங்கே போகும் ஹீமோகுளோபினின் நான்கு இருக்கைகளும் ஏற்கெனவே நிரம்பிவிட்டன. ஐந்தாவது இருக்கை கிடையாது. நுரையீரலின் ஒரு மூலை மூடினால் மொத்த ரத்தத்திலும் அது தெரிவதன் ரகசியம் இதுதான்.

இன்னொரு வகையில் தொண்டை திறந்திருக்கும், மூளைதான் இடைவேளை விடும். சிபாப் தொடங்கியதும் சிலருக்கு மூச்சு நன்றாகி, கரியமில வாயு சற்று அதிகமாகவே வெளியேறிவிடுகிறது. வாயு குறைந்ததும், மூச்சுவிடத் தேவையில்லை என்று மூளைத்தண்டு சும்மா இருந்துவிடுகிறது. பெரும்பாலானோருக்கு வாரங்கள் செல்லச் செல்ல இது தானாக அடங்கிவிடும். இதயம் பலவீனமானவர்களுக்கும், ஓபியம் வகை வலிநிவாரணிகள் எடுப்பவர்களுக்கும் இது தொடரக்கூடும் என்பதால் தனிக்கவனம் வேண்டும்.

வசிக்கும் உயரமும் கணக்கில் சேரும். மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். நம் உதகமண்டலமும் ஏறத்தாழ அதே உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கு. ஆக்ஸிஜனின் விழுக்காடு அதே 21தான், அழுத்தம்தான் குறைவு. நலமாக இருப்பவருக்கே ஆக்ஸிமீட்டர் எண் 90களின் முன்பாதியில் நிற்கலாம். தூக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று புள்ளி இறங்கினாலே சரிவின் விளிம்பு.

அளவையும் சரிபார்க்க வேண்டும்

குளிர்ந்த விரல், நகப்பூச்சு, தலையணைக்கடியில் நசுங்கிய கை, நழுவிய கிளிப் எல்லாமே பொய்யான சரிவைக் காட்டும். திடீரென்று செங்குத்தாக விழுந்து, நாடிக் கோடும் அதோடு சேர்ந்து தாறுமாறானால் அது கருவியின் தடுமாற்றமாக இருக்கலாம். 90 என்று காட்டினால் உண்மை அளவு 86க்கும் 94க்கும் இடையில் எங்கும் இருக்கலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் விளக்கியது.

தோல் நிறமும் பொருட்டு. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில் தமனி ரத்தத்தை நேரடியாகச் சோதித்தார்கள். உண்மை அளவு 88க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 விழுக்காடு, வெள்ளையர்களிடம் 3.6 விழுக்காடு. கருத்த தோலில் கருவி சற்றுக் கூட்டிக் காட்டுகிறது. நம்மில் பலருக்கு இது நேரடியாகப் பொருந்தும் செய்தி. காட்டும் எண்ணே தாழ்வாக இருந்தால், உண்மை அதைவிடத் தாழ்வாக இருக்க வாய்ப்புண்டு.

ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி

காரணம் தெரிந்துவிட்டால் தீர்வும் அதற்கேற்ப மாறுகிறது. கசிவுக்கு வேறு மாஸ்க். வாய்வழிக் கசிவுக்கு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க். போதாத அழுத்தத்துக்கு, தூக்க ஆய்வகத்தில் ஓர் இரவு படுக்கவைத்து அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றிப் பார்ப்பது. மூச்சில் ஆழம் இல்லாதவருக்கு பைபாப் என்ற ஈரழுத்தக் கருவி. மூச்சை இழுக்கும்போது அதிக அழுத்தம், விடும்போது குறைந்த அழுத்தம். அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடே ஒவ்வொரு மூச்சையும் ஆழமாக்கி, தேங்கிய கரியமில வாயுவை வெளியேற்றுகிறது.

நுரையீரலே நோயுற்றிருந்தால் சிபாப் குழாயோடு ஒரு சிறு இணைப்பி வைத்து, ஆக்ஸிஜன் செறிவூட்டியிலிருந்து ஆக்ஸிஜனைக் கலந்துவிடுவார்கள். இதை மருத்துவர் சொல்லாமல் வீட்டிலேயே செய்துவிடக் கூடாது. கரியமில வாயு தேங்கும் நோயாளிக்கு ஆக்ஸிஜனை மட்டும் கூட்டினால், ஆக்ஸிமீட்டரின் எண் அழகாக 95க்கு ஏறும். கரியமில வாயுவோ அளப்பார் இல்லாமல் உயர்ந்துகொண்டே போகலாம். காலைத் தலைவலி, மந்தம், குழப்பம் என்று தொடங்கி மயக்கம் வரை அது போகும். எண்ணைச் சரிசெய்வதும் நோயைச் சரிசெய்வதும் ஒன்றாகாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

அதற்காக சிபாப்பைக் கழற்றிவைப்பது இன்னும் பெரிய தவறு. அது இல்லாவிட்டால் இதே சரிவுகளோடு தொண்டை அடைப்பும் சேர்ந்துகொள்ளும். மாஸ்க் மாட்டிய பிறகும் பகலில் அசதி தீரவில்லை, காலையில் தலை கனக்கிறது, கால் வீங்குகிறது என்றால், சிபாப் மாட்டியபடியே ஓர் இரவு பதிவுசெய்யும் ஆக்ஸிமீட்டரை விரலில் கட்டிக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கருவியின் அறிக்கையையும் அந்தக் கோட்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள். 90க்குக் கீழே எத்தனை நிமிடம், கோடு ரம்பமா மேடையா, கரியமில வாயுவைச் சோதிக்க வேண்டுமா என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். சல்லிவனின் காற்றும் அவோயாகியின் ஒளியும் தனித்தனியாகப் பாதி உண்மையையே சொல்ல வல்லவை. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஒரு மருத்துவருக்கு, தூங்குபவர் தானே அறியாத அந்த ஏழெட்டு மணி நேரம் தெளிவாகத் தெரிந்துவிடுகிறது. திருத்தவும் முடிகிறது.